காலையில் போரோபுதூர், மாலையில் பிரம்பனான்: நடுவில் விட்டுப்போகும் கோயில்கள்

ஜாவாவின் யோக்யகர்த்தா நகரில் எந்த டூர் கடையில் கேட்டாலும் ஒரு நாள் கோயில் பயணத்தின் நிரல் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். இருட்டு விலகுவதற்கு முன்பே வேன் ஓட்டல் வாசலில் வந்து நிற்கும். வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் போரோபுதூர். அதைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, நகரத்துக்குக் கிழக்கே 17 கிலோமீட்டரில் இருக்கும் பிரம்பனானுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாயத் தொடங்கியிருக்கும். காலையில் பௌத்தம், மாலையில் சைவம்.

வசதியான ஏற்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பெரிய இடங்களை மட்டும் இப்படி அடுத்தடுத்துப் பார்க்கும்போது மனத்தில் ஒரு கதை தானாக உருவாகிவிடுகிறது. அங்கே ஒரு பௌத்த அரசு, இங்கே ஓர் இந்து அரசு, ஒன்று கட்டியதற்குப் போட்டியாக மற்றது கட்டியது என்கிற கதை. கைடுகள் பலரும் இதையே சொல்கிறார்கள். சுருக்கமாகச் சொல்ல இதைவிட எளிய வழி இல்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த மண்ணில் கிடைத்த கல்வெட்டுகளையும், வேன் நிற்காமல் கடந்துபோகும் கோயில்களையும் கூடச் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. பயணம் போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். நடு ஜாவாவில் இந்தக் கோயில்கள் எழுந்தது 8, 9-ஆம் நூற்றாண்டுகளில். 732-ஆம் ஆண்டின் சங்கால் கல்வெட்டு, சஞ்சயன் என்ற அரசன் ஒரு குன்றின்மேல் லிங்கம் நிறுவியதைச் சொல்கிறது. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ எழுத்தின் வழி வந்தது. மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த எழுத்துகள் அந்நியமாகத் தெரியாது. அடுத்த ஒன்றேகால் நூற்றாண்டுக்குள் கலசன், செவு, போரோபுதூர், பிரம்பனான் எல்லாம் வந்துவிட்டன. பிறகு 929 வாக்கில் அரசு கிழக்கு ஜாவாவுக்கு இடம்பெயர்ந்தது. மெராபி எரிமலை சாம்பலைக் கொட்டிக்கொண்டே இருந்தது. கோயில்கள் மண்ணுக்கும் மரங்களுக்கும் கீழே போயின.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாவாக்காரர்கள் பழைய கற்கோயில் எதையும் 'சண்டி' என்றுதான் சொல்வார்கள். உள்ளே இருப்பது புத்தரா சிவனா என்று அந்தச் சொல் பார்ப்பதில்லை.

சரி, போரோபுதூருக்கு வருவோம். கோயில் என்றதும் கருவறையைத் தேடுகிறவர்கள் இங்கே கொஞ்சம் திகைப்பார்கள். உள்ளே நுழைய இடமே கிடையாது. ஓர் இயற்கைக் குன்றை அப்படியே எரிமலைக் கல்லால் போர்த்தியிருக்கிறார்கள். அடித்தளம் ஒவ்வொரு பக்கமும் 120 மீட்டருக்கு மேல். சதுர அடுக்குகள் ஆறு, அவற்றின் மேல் வட்ட அடுக்குகள் மூன்று, உச்சியில் ஒரு பெரிய தூபி. கற்களை இணைக்கச் சாந்து பூசவில்லை, ஒன்றோடொன்று பொருந்தும்படி செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள்.

இங்கே வழிபாடு என்பது நடப்பதுதான். கிழக்குப் படியில் ஏறி, வலப்பக்கம் கோயில் இருக்கும்படி ஒவ்வொரு சுற்றிலும் நடந்து மேலே போக வேண்டும். நாம் பிரகாரம் சுற்றுகிற அதே முறை. எல்லாச் சுற்றுகளையும் முழுமையாக நடந்தால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வரும். இருபுறச் சுவர்களிலும் மொத்தம் 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள் இருக்கின்றன, அவற்றில் கதை சொல்பவை 1,460. முதல் சுற்றின் உட்சுவரில் மேல்வரிசை முழுக்க 120 பலகைகளில் புத்தரின் வாழ்க்கை, துஷித என்ற தேவலோகத்திலிருந்து இறங்கி வருவதில் தொடங்கி முதல் உபதேசம் வரை. அதற்குக் கீழ்வரிசையில் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளும், நற்செயல்களின் பலனைச் சொல்லும் அவதானக் கதைகளும். மேல் சுற்றுகளில் 460 பலகைகளை ஒரே கதை எடுத்துக்கொள்கிறது. சுதனன் என்ற இளைஞன் ஞானம் தேடி ஆசிரியர் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போய்க்கொண்டே இருக்கும் கதை அது. நடந்துகொண்டே படிக்கும் கோயிலில், நடந்துகொண்டே கற்பவனின் கதையைப் பொறித்திருக்கிறார்கள்.

புத்தர் சிலைகள் முதலில் 504 இருந்தன. கீழ்ச் சுற்றுகளில் கையைப் பார்த்தே திசையைச் சொல்லிவிடலாம். கிழக்கில் பூமியைத் தொடும் கை, தெற்கில் வரம் தரும் கை, மேற்கில் தியானம், வடக்கில் அபயம். மேலே போனால் வலைபோல் துளையிட்ட 72 தூபிகளுக்குள் 72 புத்தர்கள் பாதி தெரிந்தும் தெரியாமலும் உட்கார்ந்திருக்கிறார்கள். மொத்தச் சிலைகளில் 300-க்கு மேற்பட்டவை சிதைந்தவை, பெரும்பாலும் தலை இல்லாதவை. 43 காணாமலே போய்விட்டன. எல்லாம் திருட்டு என்றும் சொல்ல முடியாது. 1896-இல் சயாம் மன்னர் சூலாலங்கோர்ன் வந்தபோது டச்சு அரசு எட்டு வண்டிச் சிற்பங்களை அவருக்குப் பரிசாக ஏற்றி அனுப்பியிருக்கிறது.

டூர் குழுக்கள் பெரும்பாலும் தவறவிடும் ஓர் இடம் தென்கிழக்கு மூலை. போரோபுதூரின் உண்மையான அடித்தளம் கண்ணுக்குத் தெரியாது. கட்டும்போதோ கட்டி முடித்த பிறகோ, சுற்றிலும் 12,000 கன மீட்டருக்கு மேல் கல்லை அடுக்கி அதை மூடிவிட்டார்கள். பாரம் தாங்காமல் சரியத் தொடங்கியதால் முட்டுக் கொடுத்தார்கள் என்பது ஒரு விளக்கம். சிற்ப நூல் சொன்ன அளவுக்குத் திருத்தினார்கள் என்பது இன்னொன்று. 1885-இல் இது தற்செயலாகத் தெரியவந்தது. 1890-91-இல் பகுதி பகுதியாகத் திறந்தபோது, உள்ளே இருந்த 160 பலகைகளையும் காசியன் செஃபாஸ் என்ற ஜாவாக்காரர் படம் எடுத்தார். பிறகு மறுபடியும் மூடிவிட்டார்கள். இந்த மூலையில் மட்டும் சில பலகைகள் இன்றும் திறந்திருக்கின்றன.

அவை வினைப்பயனைச் சொல்பவை. இன்ன செயலுக்கு இன்ன பலன் என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டுபவை. ஒரு பலகையில் கோணலான முகத்தோடு சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதன் மேல் விளிம்பில் சின்னதாக ஒரு சொல் கீறியிருக்கிறது: 'விரூப'. அழகில்லாத உருவம். இங்கே என்ன செதுக்க வேண்டும் என்று சிற்பிக்கு யாரோ எழுதிவைத்த குறிப்பு அது. வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டியது, சுவரை மூடிவிட்டதால் பிழைத்துவிட்டது. மூடியிருக்கும் மற்றப் பலகைகளின் படங்களில் 'ஸ்வர்க்க', 'குசல' போன்ற சொற்களும் தெரிகின்றன. நமக்கு அகராதியே வேண்டாம். சுமார் 1,200 ஆண்டுக்கு முன் ஒரு மேஸ்திரி தன் ஆளுக்கு எழுதிய ஒற்றைச் சொல்லை நாம் நேரடியாகப் படித்துவிட முடிகிறது. போரோபுதூரில் எனக்கு மிகவும் நெருக்கமான இடம் இதுதான். இது அடித்தளத்தில் இருப்பதால் மேலே ஏற டிக்கெட் கிடைக்காதவர்களும் பார்க்கலாம்.

டிக்கெட்டில் இரண்டு வகை. ஒன்று வளாகத்துக்கு மட்டும், இன்னொன்று மேலே ஏறுவதற்கு. ஏறுகிறவர்களுக்கு நாளொன்றுக்கு 1,200 பேர் என்று வரம்பு வைத்தார்கள். நேரம் குறித்து, கைடோடு குழுவாகத்தான் போக வேண்டும். உங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு 'உபானத்' என்ற நாரால் பின்னிய செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். பாதரட்சைக்கான சமஸ்கிருதச் சொல்தான் அது. படிக்கட்டுக் கற்கள் லட்சக்கணக்கான கால்களால் தேய்ந்து குழிந்துவிட்டன, அதற்காகத்தான் இத்தனையும். சிலர் இதைக் கெடுபிடி என்று அலுத்துக்கொள்கிறார்கள். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. 1814-இல், அப்போது ஜாவாவை ஆண்ட பிரிட்டிஷ் ஆளுநர் ராஃபிள்ஸ் அனுப்பிய பொறியாளர் கொர்னேலியஸ் 200 ஆட்களை வைத்துக் காட்டை வெட்டித் திறந்தார். 1907 முதல் 1911 வரை டச்சுப் பொறியாளர் வான் எர்ப் முதல் பெரிய சீரமைப்பைச் செய்தார். அப்புறமும் குன்றின் மண்ணில் தண்ணீர் இறங்கிச் சுவர்கள் சாய்ந்துகொண்டே இருந்தன. 1975 முதல் 1982 வரை யுனெஸ்கோவின் துணையோடு பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கற்களைக் கழற்றி, கழுவி, அடியில் வடிகால் போட்டுத் திரும்ப அடுக்கினார்கள். 2010-இல் மெராபி வெடித்தபோது சாம்பலை வாரித் துடைத்தார்கள். இத்தனை கை பட்டுக் காப்பாற்றிய கல்லின்மேல் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பது ஒரு சிரமமே இல்லை.

ஒரு யோசனை. மேலே இருக்கும் நேரம் குறைவு, குழுவோ உச்சியை நோக்கித்தான் வேகமாக நகரும். முதல் சுற்றில் பத்து நிமிடம் நிற்க முடியுமா என்று கைடிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். புகழ்பெற்ற கப்பல் சிற்பம் அங்கேதான் இருக்கிறது. பக்கச்சட்டம் பொருத்திய அந்தப் பாய்மரக் கப்பலைப் பார்த்து ஒரு கப்பல் கட்டி, 2003-04-இல் ஆப்பிரிக்காவின் கானா வரை ஓட்டிப்போனார்கள்.

போரோபுதூரிலிருந்து கிழக்கே 3 கிலோமீட்டரில் மெண்டுட் என்ற பௌத்தக் கோயில். இரண்டுக்கும் இடையில் இருக்கும் சிறு கோயில் பவோன். மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. வைசாக பௌர்ணமி ஊர்வலம் இன்றும் மெண்டுட்டில் தொடங்கி போரோபுதூரில் முடிகிறது. மெண்டுட்டின் இருட்டுக் கருவறையில் 3 மீட்டர் உயரப் புத்தர் நாற்காலியில் உட்காருவது போல் இரண்டு கால்களையும் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார். பலரும் அவரைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இறங்கும்போது படிக்கட்டின் பக்கச்சுவரைப் பாருங்கள். ஒரு குச்சியின் இரு முனைகளையும் இரண்டு பறவைகள் கவ்விப் பறக்க, நடுவில் ஓர் ஆமை தொங்குகிறது. வாயைத் திறந்ததால் விழுந்து செத்த அதே ஆமை! நம் வீட்டுப் பாட்டிகள் சொன்ன பஞ்சதந்திரக் கதை ஒரு பௌத்தக் கோயிலின் படியில் இருக்கிறது. கதைக்குச் சமயம் பார்க்கும் வழக்கம் அந்தக் காலத்து ஜாவாவில் இல்லை.

இப்போது அந்தப் போட்டிக் கதைக்கு வருகிறேன். போரோபுதூரைக் கட்டியவர்கள் சைலேந்திரர் என்ற பௌத்த வம்சம், பிரம்பனானைக் கட்டியவர்கள் சஞ்சயனின் சைவ வம்சம் என்பது புத்தகங்களில் நீண்ட காலம் இருந்த விளக்கம். இரண்டு வம்சங்கள் என்பதையே மறுத்து, ஒரே குடும்பம்தான் என்று வாதாடிய அறிஞர்களும் இருக்கிறார்கள். இந்த வழக்கு முழுதாகத் தீரவில்லை. ஆனால் பிரம்பனான் போகும் வழியில், சோலோ நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் கலசன் கோயிலின் கல்வெட்டு கவனிக்க வேண்டியது. ஆண்டு 778. சைலேந்திர அரசனின் குருமார்கள் கேட்டுக்கொண்டபடி மகாராஜா பனங்கரன் தாரா தேவிக்கு இந்தக் கோயிலைக் கட்டி, கலச என்ற ஊரைப் பௌத்தத் துறவிகளின் சங்கத்துக்குக் கொடுத்தான் என்கிறது. இந்தப் பனங்கரன் யார் என்றால், 907-ஆம் ஆண்டுச் செப்பேடு ஒன்று தரும் அரசர் வரிசையில் சஞ்சயனுக்கு அடுத்து வரும் அரசன். குன்றின்மேல் லிங்கம் வைத்தவனுக்கு அடுத்து வந்தவன் பௌத்த தேவிக்குக் கோயில் எடுக்கிறான். மறுபக்கம், சோஜோமெர்தோவில் கிடைத்த பழைய மலாய்க் கல்வெட்டு 'தபுந்தா செலேந்திரா' என்பவரைப் பற்றிப் பேசுகிறது. சைலேந்திர குலத்தின் முன்னோர் என்று பலர் கருதும் இவரோ சிவபக்தர்.

சைலேந்திரர் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசர்கள் பிற்காலத்தில் தங்களைச் சைலேந்திர குலத்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பிய ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் அந்தக் குலம். அந்த விகாரத்துக்காக ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் நிலமாகக் கொடுத்தது தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் ராஜராஜன். லெய்டன் செப்பேடு சொல்லும் செய்தி இது. சிவனுக்கு விமானம் எடுத்துக்கொண்டிருந்த கையே புத்தருக்கு நிலம் எழுதிக்கொடுத்தது நமக்கு விசித்திரமாகப் படுவதில்லை. பிறகு ஜாவாவில் மட்டும் ஏன் போட்டியைத் தேட வேண்டும்?

பிரம்பனான் வளாகத்தில் நுழைந்ததும் கண் நேரே சிவன் கோயிலுக்குத்தான் போகும். 47 மீட்டர். இருபுறமும் 33 மீட்டரில் பிரம்மாவும் விஷ்ணுவும். எதிரே வாகனங்களுக்கு மூன்று கோயில்கள், அவற்றில் நந்தி இன்னும் படுத்திருக்கிறது. முதலில் மொத்தம் 240 கோயில்கள். சுற்றியிருந்த 224 சிறு கோயில்களில் பெரும்பாலானவை இன்றும் கற்குவியல்கள்தான். பழைய கற்களில் குறைந்தது 75 சதவீதம் கிடைத்தால்தான் ஒரு கோயிலைத் திரும்ப எழுப்புவது என்று வைத்திருக்கிறார்கள். சுற்று வட்டாரத்து வீடுகளுக்கும் பாலங்களுக்கும் கல் போய்விட்டது. சிவன் கோயிலே 1953-இல்தான் மீண்டு நின்றது. 2006 மே 27 நிலநடுக்கம் மறுபடியும் உலுக்கியது. 856-ஆம் ஆண்டின் சிவக்ருஹக் கல்வெட்டு இந்தக் கோயிலைத்தான் சொல்கிறது என்று கொள்கிறார்கள். கோயிலுக்காக ஓர் ஆற்றின் போக்கையே மாற்றிய செய்தியும் அதில் இருக்கிறது.

சிவன் கோயிலில் நான்கு அறைகள். கிழக்கில் மகாதேவர், மேற்கில் பிள்ளையார், வடக்கில் மகிஷனை வதைத்த துர்க்கை. தெற்கில் இருப்பவர் தாடியும் தொந்தியுமாக நிற்கும் அகத்தியர். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அந்தத் தெற்கு அறையில் உடம்பு சிலிர்க்கும். பொதிகை மலைக்கு வந்த முனிவர் கடலையும் தாண்டிவிட்டார். அவருக்கு அங்கே தனி மரியாதை உண்டு. கிழக்கு ஜாவாவின் தினோயோ கல்வெட்டு, 760-இல் கஜயானன் என்ற அரசன் பழுதான மரச்சிலைக்குப் பதிலாகக் கருங்கல்லில் அகத்தியரை நிறுவியதைப் பதிவுசெய்கிறது.

சிவன், பிரம்மா கோயில்களின் சுற்றுச்சுவரில் உட்புறமாக ராமாயணம் ஓடுகிறது. இதையும் பிரதட்சிணமாகச் சுற்றித்தான் படிக்க வேண்டும். கம்பர் பாடுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே கல்லில் ஏறிய ராமாயணம் இது. சிவன் கோயிலில் சேது கட்டுவதோடு கதை நிற்கிறது, மிச்சம் பிரம்மா கோயிலில். சேதுக் காட்சியில் குரங்குகள் போடும் கற்களை மீன்கள் வாயில் கவ்வுகின்றன. வால்மீகியிடம் இந்த மீன்கள் இல்லை. அந்தச் சுவரைப் பார்த்த அன்றே இரவில், பக்கத்துத் திறந்தவெளி அரங்கில் அதே கதையை நாட்டிய நாடகமாகவும் பார்க்கலாம். 1961-இலிருந்து நடக்கிறது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

வடக்கு அறைத் துர்க்கையை ஊர்க்காரர்கள் ரோரோ ஜோங்கராங் என்கிறார்கள். தன் தந்தையைக் கொன்ற பண்டுங் பண்டவாசாவை மணக்க விரும்பாத இளவரசி, ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டினால் சம்மதம் என்றாளாம். அவன் பூதங்களை ஏவி 999 கட்டிவிட்டான். அவள் ஊர்ப் பெண்களை எழுப்பி நெல் குத்தச் சொல்லி, கிழக்கே தீ மூட்டச் சொன்னாள். விடிந்துவிட்டது என்று சேவல் கூவ, பூதங்கள் ஓடிவிட்டன. கோபத்தில் அவளையே ஆயிரமாவது சிலையாக்கிவிட்டான். கைடுகள் இந்தக் கதையை ரசித்துச் சொல்வார்கள். ஆனால் அந்த ஆயிரம் கோயில்கள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். வடக்கே 800 மீட்டரில், அதே வேலிக்குள் இருக்கும் 'செவு'வைக் காட்டுவார்கள். செவு என்றால் ஜாவா மொழியில் ஆயிரம். அது பௌத்தக் கோயில்! 792-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதை மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவரின் இல்லம் என்கிறது. 249 கட்டடங்கள், வாசலில் கதாயுதத்தோடு முழங்காலிட்ட துவாரபாலகர்கள். ஊர்க்கதைக்குப் புத்தர் கோயிலும் துர்க்கைச் சிலையும் ஒரே இரவின் வேலை.

பிரம்பனான் கட்டும்போது செவு ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தது. சைவர்கள் அதை இடிக்கவில்லை, அதன் கல்லைப் பிடுங்கவில்லை. கூப்பிடு தூரத்தில் தங்கள் கோயிலை எழுப்பினார்கள். உங்கள் டிக்கெட்டிலேயே செவுவும் அடக்கம், நடந்தால் கால் மணி நேரம். ஆனாலும் பெரும்பாலான குழுக்கள் போவதில்லை, வேன் கிளம்பும் நேரம் வந்துவிடும். பிரம்பனானில் அரை மணியைக் குறைத்தாவது அங்கே போய்விடுங்கள்.

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் டிரைவரிடம் சொல்லி, செவுவிலிருந்து கிழக்கே ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் பிளாவோசானுக்கும் போகலாம். வயல்களுக்கு நடுவில் ஒரே மாதிரி இரண்டு பெரிய பௌத்தக் கோயில்கள், சுற்றிலும் 58 சிறு கோயில்கள், 116 தூபிகள். வடக்குக் கோயிலின் சுவரில் பெண்கள், தெற்குக் கோயிலின் சுவரில் ஆண்கள். சிறு கட்டடங்களில் கொடுத்தவர்களின் பெயரைச் சிறிய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். நம் கோயில்களில் உபயதாரர் பெயர் எழுதும் அதே பழக்கம். பல இடங்களில் 'அனுமோத' என்ற சொல் வருகிறது. இன்னொருவர் செய்த புண்ணியத்தில் மகிழ்ந்து பங்கேற்பதற்குப் பௌத்தத்தில் வழங்கும் சொல் அது.

அங்கே வரும் பெயர்களில் ஒன்று ஸ்ரீ ககுலுன்னான், அரசகுலப் பெண்மணிக்கு உரிய பட்டம். 842-இல் 'பூமிசம்பார' என்ற புனித இடத்துக்காக நிலத்தை இறையிலியாக்கிய கல்வெட்டிலும் இதே பட்டம் இருக்கிறது. அந்த இடம் போரோபுதூர்தான் என்பது பல அறிஞர்களின் கருத்து. இன்னொரு பெயர் ஸ்ரீ மகாராஜா ராகாய் பிக்காத்தான். பிரம்பனான் சிவன் கோயிலைத் தொடங்கியவராகக் கருதப்படும் அரசர். அவர் பெயர் இருப்பது வரிசையில் நிற்கும் சின்னத் தூபிகளில் ஒன்றில். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்துகள் நன்றாகத் தெரியும்.